வீட்டை வாடகைக்கு விடலாம். பொறுப்பை விட முடியாது

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம்.

 

இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தின் பரிசீலனைக்கு வந்துள்ள விண்ணப்பங்களுள் ஒன்று, "வெளியூர்க்காரர் எவருக்கும் இனி நம் ஊரில் வீடோ கடையோ கிடங்கோ வாடகைக்கு விடக் கூடாது என ஜமாஅத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்" என்று கோருகிறது. பலர் கையொப்பமிட்டுள்ளனர். அவர்களுடைய அச்சத்திற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன்னர் கடற்கரையோரக் கிடங்கு ஒன்றில் காவல் துறையினர் சோதனை நடத்தியதை நாம் அனைவரும் அறிவோம். கிடங்கின் உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருந்தார். சாவி தரகரிடம் இருந்தது. வாடகைக்கு எடுத்தவரின் முழுப் பெயரும் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எழுத்தில் ஒரு வரியும் இல்லை. இறுதியில், ஒன்றும் அறியாத உரிமையாளரின் வயது முதிர்ந்த தந்தை காவல் நிலையத்தின் வாசற்படியில் நாள் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

இவ்விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் முன்பு நம் கருத்தைக் கூற வேண்டுமென நிர்வாகத்தினர் பணித்தனர். நம் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறோம். வெளியூர்க்காரரால் அந்தப் பெரியவருக்குத் துன்பம் நேரவில்லை. அறியாதவருக்குச் சாவியைக் கொடுத்ததால் நேர்ந்தது. அறியாதவரை அறிந்துகொள்வதே இதற்கு மருந்து. வெளியூரார் அனைவருக்கும் கதவை அடைப்பது மருந்தாகாது. அது வேறொரு நோய்.

நமது கரையின் இயல்பு

இராமநாதபுரம் கடற்கரையின் ஒருபுறம் பாக் நீரிணை. மறுபுறம் மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான் உண்டு. 1983ஆம் ஆண்டின் கலவரத்திற்குப் பின்னர் அந்நாட்டுத் தமிழர்கள் இக்கரையில்தான் வந்திறங்கினர். மண்டபம் முகாம் அவர்களுக்கு முதல் நிழலாயிற்று. 2022ஆம் ஆண்டு இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றியபோதும், மார்ச் மாதம் முதல் குடும்பங்கள் கைக்குழந்தைகளுடன் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்திறங்கியதைக் கண்டோம்.

அகதி வரும் அதே கடல்வழியில் கடத்தல்காரனும் போகிறான். கடல் அட்டையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். ஆயினும் அதைப் பதப்படுத்தி அக்கரைக்கு அனுப்ப முயல்வோர் இன்றும் பிடிபடுகின்றனர். கஞ்சா, பீடி இலை, தங்கம் ஆகியவையும் இவ்வாறே. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அங்கே விலை ஏறியதும், 2020இல் இக்கரையில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது. அடுக்களையில் அன்றாடம் புழங்கும் மஞ்சளைக் கிடங்கில் அடுக்கி வைத்தால் எந்த உரிமையாளர் ஐயுறுவார்? பொருளைப் பார்த்து மட்டும் குற்றத்தை அறிய இயலாது என்பதற்காகவே இதனைக் கூறுகிறோம். ஆளையும் அறிய வேண்டும். அவர் செய்யும் தொழிலையும் அறிய வேண்டும்.

இத்துடன் நம் ஊர்களுக்கே உரிய நிலை ஒன்றும் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், பனைக்குளம், புதுமடம், வேதாளை, மண்டபம் என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும் வீட்டைக் கட்டியவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீடு இங்கே பூட்டிக் கிடக்கிறது, அல்லது வேறொருவர் பொறுப்பில் வாடகைக்கு விடப்படுகிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய இரயில் பாலம் திறக்கப்பட்டு, 2022 டிசம்பர் முதல் தடைப்பட்டிருந்த இராமேஸ்வரம் இரயில் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. யாத்திரிகர் வருகையை எண்ணி, பிற நகரத்தாரும் இத்தீவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இடம் வாங்குகின்றனர். வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றுகின்றனர். ஆக, உரிமையாளர் ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் இருப்பது இனி மேலும் பெருகும்.

இரு தவறுகள், ஒரே வேர்

வீட்டு உரிமையாளர்களிடம் இரண்டு வகையான தவறுகளைக் காண்கிறோம்.

முதலாவது, கேட்காமல் கொடுப்பது. ஊரில் வழங்கும் வாடகையைப் போல் இரு மடங்கு தருவதாக ஒருவர் கூறுகிறார். ஆறு மாத முன்பணத்தை ரொக்கமாக மேசைமீது வைக்கிறார். "ஒப்பந்தமெல்லாம் எதற்கு, நமக்குள் நம்பிக்கைதானே" என்கிறார். உரிமையாளர் பணத்தை எண்ணுகிறார், கேள்வி கேட்பதில்லை. கூடுதல் வாடகை எதற்காகத் தரப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? பல நேரங்களில் அது வீட்டுக்கான விலையன்று; கேள்வி கேளாமைக்கான விலை.

இரண்டாவது, கேட்காமல் மறுப்பது. வந்தவர் இந்தி பேசினால் இல்லை. இலங்கைத் தமிழர் என்றால் இல்லை. வேற்றுச் சாதியார், வேற்றுச் சமயத்தார், தனித்து வாழும் பெண் என்றால் இல்லை. அவர் யார், என்ன தொழில் செய்கிறார், யாருடன் இருப்பார் என்று ஒரு கேள்வியும் கேட்கப்படுவதில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. முன்னதைப் பேராசை செய்கிறது. பின்னதை அச்சம் செய்கிறது. ஆனால் இரண்டிற்கும் வேர் ஒன்றே. இருவருமே எதிரில் நிற்கும் மனிதரை அறிந்துகொள்ளும் சிரமத்தை மேற்கொள்ளவில்லை.

மார்க்கச் சட்ட நூல்களில் இஜாரா எனும் வாடகைப் பாடத்தை ஓதியோர் ஒன்றை அறிவர். பெறப்படும் பயன் இன்னது, காலம் இவ்வளவு, கூலி இவ்வளவு என மூன்றும் அறியப்பட்டிருக்க வேண்டும். அறியப்படாதவற்றின் மீது செய்யப்படும் ஒப்பந்தம் செல்லாது என்பர் சட்ட அறிஞர். தவணை வைத்துச் செய்யும் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே திருமறையில் மிக நீண்டது என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம். எழுத்து என்பது நம்பிக்கையின்மைக்கு அடையாளமன்று, நம்பிக்கைக்குக் காவல்.

சட்டம் கேட்பது என்ன?

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2017ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்றம் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் கடமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நகராட்சி, பேரூராட்சி எல்லைகளுக்குள் இருப்போர் இதனை நன்கு அறிந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் கொண்டு நாளை உரிமை கோரி நிற்பது கடினம். இதுவே உரிமையாளருக்கும் முதல் அரண். காவல் அதிகாரி கேட்கும்போது பதிவெண்ணுடன் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுபவரின் நிலை ஒன்று. தரகரின் கைப்பேசி எண்ணை மட்டும் கூறுபவரின் நிலை வேறு.

குற்றவியல் சட்டங்களில் இரண்டை மட்டும் கூறுகிறோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தமது கட்டடத்தை அக்குற்றத்திற்குப் பயன்படுத்த ஒருவர் தெரிந்தே இடமளித்தால், குற்றம் புரிந்தவருக்குரிய தண்டனையே அவருக்கும் உண்டு என்கிறது. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அத்தொழிலுக்கெனத் தெரிந்தே இடம் கொடுக்கும் உரிமையாளரையும் அவருடைய முகவரையும் தண்டிக்கிறது. இரண்டிலும் "தெரிந்தே" என்பது முக்கியமான சொல். அறியாமல் ஏமாந்தவரைச் சட்டம் குற்றவாளி எனக் கருதுவதில்லை. ஆனால் கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொண்டவர், "எமக்குத் தெரியாது" என்று பின்னர் கூறும்போது அதை நம்பச் செய்வது எளிதன்று.

வெளிநாட்டினரைத் தங்க வைப்போர், அவர் உறவினராயினும் வாடகைதாரராயினும், அத்தகவலை உரிய அதிகாரிக்கு 24 மணி நேரத்திற்குள் அளிக்கும் கடமை நெடுங்காலமாக உள்ளது. சி படிவம் என்று பலரும் அறிந்தது இதுவே. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும், தங்குமிடம் அளிப்போர் தகவல் தர வேண்டுமென்ற கடமை தொடர்கிறது. திருமணத்திற்கும் ஏர்வாடி தர்கா தரிசனத்திற்கும் இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விருந்தினர் வரும் இல்லங்கள் இதனை மறத்தலாகாது.

நம் பிள்ளைகள் பலர் வாடகை அறைகளில் வாழும் சிங்கப்பூரில், வெளிநாட்டவருக்கு வீடு விடும் உரிமையாளர் மூன்று சோதனைகளைச் செய்தாக வேண்டும். அனுமதி அட்டையின் மூலத்தைப் பார்க்க வேண்டும். அதனைக் கடவுச்சீட்டுடன் ஒப்பிட வேண்டும். அட்டை செல்லுபடியாகிறதா என உரிய அரசு அலுவலகத்தில் உறுதி செய்ய வேண்டும். அங்கே இதனை எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. அங்கே அட்டையைக் காட்டி அறை பெறும் நாம், இங்கே அட்டையைப் பார்த்து வீடு கொடுக்கத் தயங்குவது ஏன்?

அச்சம் அநீதியாகும் இடம்

அறிந்துகொள்வது கடமை என்றோம். ஆனால் ஐயம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் நம் மண்ணின் வரலாறு காட்டுகிறது.

1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். சென்னை கொடுங்கையூரிலும் பெங்களூருக்கு அருகே கோணனகுண்டேயிலும் கொலையாளிகள் வாடகை வீடுகளில் மறைந்திருந்தது பின்னர் தெரிய வந்தது. அவ்வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களுள் அடைக்கலம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் இருந்தனர். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 26 பேரில் 19 பேரை விடுவித்தது. அதற்குள் அவர்களுள் பலருக்குச் சிறையில் ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. யாரென ஆராயாமல் இடம் கொடுப்பதன் விலையை இவ்வழக்கு காட்டுகிறது. ஐயத்தின் பிடியில் சிக்கியவர் கொடுக்கும் விலையையும் அதே வழக்கு காட்டுகிறது. அக்கொலையில் எப்பங்கும் இல்லாத பல்லாயிரம் இலங்கைத் தமிழர்கள் அதன்பின் வாடகை வீடின்றி அலைந்ததை இக்கரையின் பெரியோர்கள் அறிவார்கள்.

2012ஆம் ஆண்டு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சென்னையில் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன. பிப்ரவரி 23 அதிகாலையில் வேளச்சேரியின் வாடகை வீடொன்றில் ஐவர் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் வட மாநிலத்தவர். அதனைத் தொடர்ந்து வாடகைதாரரின் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் அளிக்க வேண்டுமெனச் சென்னை மாநகரக் காவல் துறை பணித்தது. விவரம் கேட்டது ஒரு செய்தி. அதன் நிழலில் நிகழ்ந்தது வேறொன்று: எக்குற்றமும் செய்யாத வட மாநில மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வீடு கிடைக்காமற் போயிற்று. 2023 மார்ச் மாதம் நிலைமை தலைகீழாயிற்று. தமிழகத்தில் வட மாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அவை பொய்யென அரசும் காவல் துறையும் மறுத்துரைப்பதற்குள் அஞ்சி ஊர் திரும்பியோர் பலர். ஐயம் எப்பக்கம் வீசினாலும் அதில் முதலில் அடித்துச் செல்லப்படுபவர் ஏழைத் தொழிலாளரே.

பிரிட்டனில் 2014ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், வாடகைதாரருக்கு அந்நாட்டில் வசிக்கும் உரிமை உண்டா எனச் சோதிக்கும் பொறுப்பை வீட்டு உரிமையாளர் மீது சுமத்தியது. தவறினால் அபராதம். அபராதத்திற்கு அஞ்சிய உரிமையாளர் சிலர், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாதவர்களையும் அயல்நாட்டுப் பெயர் கொண்டவர்களையும் தட்டிக்கழித்தனர். 2019 மார்ச் மாதம் இலண்டன் உயர் நீதிமன்றம் இத்திட்டம் பாகுபாட்டிற்கு வழிவகுப்பதாகத் தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டம் செல்லும் என்று கூறியபோதிலும், பாகுபாடு நிகழ்ந்ததை அதுவும் மறுக்கவில்லை.

சகோதரர்களே! சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் படிக்கவும் பணியாற்றவும் செல்லும் நம் பிள்ளைகள், பெயரைச் சொன்னவுடன் "வீடு வேறொருவருக்குப் பேசி முடிந்துவிட்டது" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகின்றனர். தொலைபேசியில் காலியாக இருந்த வீடு, பெயரைக் கேட்டதும் காலியில்லாமற் போகிறது. அதன் வலியை இம்மன்றத்தில் எத்தனையோ தந்தையர் உணர்ந்திருக்கின்றனர். நமக்குச் செய்யப்படும்போது அநீதியாகத் தோன்றுவது, நாம் பிறருக்குச் செய்யும்போது பாதுகாப்பு எனப் பெயர் மாறிவிடுமா? ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவும், பிறர் குற்றங்களைத் துருவித் துருவி ஆராயாதிருக்கவும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. வந்த செய்தியின் உண்மையைத் தெளிவாக விசாரித்து அறியும்படி பணிப்பதும் அதே அத்தியாயம்தான். விசாரிப்பதும் வேவு பார்ப்பதும் ஒன்றல்ல.

ஆகவே இவ்விண்ணப்பத்தை அதன் இப்போதைய வடிவில் தீர்மானமாக ஏற்க வேண்டாமென்பது நம் வேண்டுகோள். அத்தகைய தடையை விதிக்க ஜமாஅத்திற்குச் சட்டத்தில் அதிகாரமும் இல்லை. பேராசை கொண்டவர் இரவோடு இரவாகக் கிடங்கைக் கொடுத்துவிடுவார். அவருக்குத் தீர்மானம் ஒரு பொருட்டன்று. நேர்மையாகக் குடும்பத்துடன் வாழ வந்த கொத்தனாரும் ஐஸ் கம்பெனித் தொழிலாளியும்தாம் தெருவில் நிற்பர்.

காவல் துறையோடு நடந்துகொள்ளும் முறை

நம்மில் சிலர் காவல் நிலையத்தைக் கண்டாலே ஒதுங்கிச் செல்கின்றனர். வேறு சிலர் அதனைத் தம் கைத்தடியாகப் பயன்படுத்த விழைகின்றனர். இரண்டும் வேண்டாம்.

வாடகைதாரரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் அளிக்கும்போது ஒளிவுமறைவற்ற முறையில் அளியுங்கள். "உங்கள் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கிறோம், எல்லா வாடகைதாரருக்கும் இதுவே வழக்கம்" என்று அவரிடமே கூறிவிடுங்கள். நேர்மையாளர் அதற்கு மறுப்புக் கூற மாட்டார். பெயர், சொந்த ஊர் முகவரி, தொழில், உடன் வசிப்போர், புகைப்படம் ஆகியன போதும். ஆதார் நகல் பெற்றால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே பெறுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வாடகைதாரரின் அடையாள நகலைத் தரகர் கையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் உலவ விடுவது அமானிதத்திற்கு மாறானது. நேரில் அளித்தால் ஒப்புகை பெறுங்கள். இல்லையேல் விரைவு அஞ்சலில் அனுப்பி, அதற்குரிய சான்றைப் பத்திரப்படுத்துங்கள். காவல் துறை இணையதளத்தில் கட்டணம் செலுத்தி வாடகைதாரர் சரிபார்ப்புக் கோரும் வசதியும் உண்டு.

இவ்விவரத்தை அளிப்பது எப்போது கட்டாயம் என்றும் சிலர் கேட்கின்றனர். மாநகரங்களில் காவல் ஆணையரும், மாவட்டங்களில் நிர்வாக நடுவர்களும் இத்தகைய தடுப்பு ஆணைகளைப் பிறப்பிக்கலாம். முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவாக உள்ளது. அவ்வாணை இரண்டு மாதங்களுக்கு மட்டுமே செல்லும். மாநில அரசு அதனை நீட்டிக்கலாம். ஆணை நடப்பில் இருக்கும்போது மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 2,500 ரூபாய் வரை அபராதமோ, சூழலுக்கேற்ப அதற்கு மேலுமோ விதிக்கப்படலாம். நடப்பில் ஆணை உள்ளதா என்று கேட்டறிவது உரிமையாளரின் கடமை. ஆணை இல்லாத காலத்திலும் விவரம் அளிப்பது நமக்கே காப்பு.

வாடகை பாக்கிக்காகக் காவல் நிலையத்திற்குச் சென்று, "இவரைக் காலி செய்ய வையுங்கள்" என்று கேட்பது முறையன்று. அது குடிமை வழக்கு. வாடகை நீதிமன்றம்தான் அதற்குரிய இடம். மின் இணைப்பைத் துண்டிப்பது, குடிநீரை நிறுத்துவது, பூட்டின் மேல் பூட்டுப் போடுவது ஆகியவற்றைச் சட்டம் தடுக்கிறது. வீட்டைப் பார்வையிட வேண்டுமாயின் 24 மணி நேரத்திற்கு முன்னரே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுச் செல்ல வேண்டும். பிறர் இல்லத்தில் அனுமதி பெறாமல் நுழையாதீர்கள் என்ற திருமறையின் ஒழுக்கம் வாடகை வீட்டிற்கும் பொருந்தும். சுவர் நம்முடையது, அதனுள் இருக்கும் இல்லம் அவருடையது.

வாடகைதாரர் காவல் துறையை அழைத்தார் என்பதற்காக அவரை வெளியேற்றாதீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாரிஸ்டவுன் என்றொரு நகரம் உள்ளது. நான்கு மாதத்திற்குள் மூன்று முறை ஒழுங்கீனத்திற்காகக் காவலர் வர நேர்ந்தால் வாடகைதாரரை வெளியேற்ற வழிசெய்யும் விதி அங்கே இருந்தது. கொடுமைக்கு ஆளான ஒரு பெண், வீட்டை இழக்க நேருமே என்று அஞ்சிக் காவலரை அழைக்காதிருந்தார். 2012 ஜூன் மாதம் கழுத்தில் குத்தப்பட்டு உயிருக்குப் போராடினார். வழக்குக்குப் பின் 2014இல் அவ்விதி நீக்கப்பட்டது. குற்றத்தைக் குறைக்க எண்ணி இயற்றப்பட்ட விதி, குற்றத்திற்கு ஆளானவரின் வாயை அடைத்தது. நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் இரவில் 112 எண்ணை அழைத்தால், மறுநாள் காலை உரிமையாளர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "நீங்கள் நலமா, அம்மா?" என்பதே.

கடற்கரையில் ஐயத்திற்குரிய படகு நடமாட்டத்தையோ, இரவில் மட்டும் திறந்து மூடும் கிடங்கையோ கண்டால், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணில் தெரிவியுங்கள். கண்டதை மட்டும் கூறுங்கள், கற்பனையைச் சேர்க்காதீர்கள்.

செய்ய வேண்டியன

உரிமையாளர்கள் ஐந்து செயல்களை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என வேண்டுகிறோம். ஒன்று, எழுத்து ஒப்பந்தம் இன்றிச் சாவி கொடுக்காதீர்கள்; ஒத்திக்கு விட்டாலும் எழுதுங்கள். இரண்டு, அடையாளச் சான்றின் மூலத்தை நேரில் பாருங்கள். அவர் முன்னர் குடியிருந்த வீட்டு உரிமையாளரிடமும் பணியிடத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். மூன்று, வாடகையை வங்கி வழியாகப் பெறுங்கள். ரொக்கமாயின் இரசீது கொடுங்கள். நான்கு, எழுத்து மூலம் சம்மதம் தராமல் உள்வாடகைக்கு விடக் கூடாதென்று ஒப்பந்தத்தில் சேருங்கள். ஐந்து, வெளிநாட்டில் இருப்போர் தரகரை மட்டும் நம்பாமல், பொறுப்புள்ள உறவினர் ஒருவரின் பெயரில் முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்து, அவரை மூன்று மாதத்திற்கு ஒருமுறை அறிவிப்புடன் சென்று பார்க்கச் செய்யுங்கள். முதிய பெற்றோரின் தலையில் இப்பாரத்தை ஏற்றாதீர்கள். வீடு பூட்டிக் கிடக்குமாயின் காவல் நிலையத்தில் தெரிவித்து, இரவு ரோந்தில் கவனிக்கக் கேளுங்கள்.

இலங்கைத் தமிழர் வாடகைக்குக் கேட்டால், முகாமுக்கு வெளியே வசிப்பதற்கான பதிவு ஆவணத்தைப் பாருங்கள். ஐயமிருப்பின் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளியுங்கள். ஆவணம் சரியாக இருப்பின், அவருடைய பிறந்த நாட்டைக் காரணங்காட்டி மறுக்காதீர்கள்.

இறுதியாக, ஜமாஅத் நிர்வாகத்திற்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் மிகுதியான கடைகளை வாடகைக்கு விட்டிருப்பவர் யார்? நமது பள்ளிவாசலே. பள்ளிக்குச் சொந்தமான கடைகளுள் சில, எடுத்தவர் ஒருவரும் நடத்துபவர் வேறொருவருமாக, உள்வாடகையில் கைமாறி இருப்பதாகப் பொருளாளர் அவர்களே இவ்வாண்டறிக்கையில் குறிப்பிட்டுள்ளார். அக்கடைகளுள் நாளை ஒரு சோதனை நடந்தால் காவல் துறை பள்ளிவாசல் அலுவலகத்தின் கதவைத்தான் தட்டும். ஆகவே ஊராருக்குத் தீர்மானம் போடும் முன்னர், பள்ளியின் கடைகள் ஒவ்வொன்றிலும் உண்மையில் இருப்பவர் யார் என்பது முதலில் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட வேண்டும். உரிமையாளர்கள் பயன்படுத்த ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவமும், காவல் நிலையத்தில் அளிக்கும் விவரப் படிவமும் ஜமாஅத் அலுவலகத்தில் இலவசமாக வைக்கப்பட வேண்டும். பூர்த்தி செய்யத் தெரியாத முதியோருக்கும் பெண்களுக்கும் நம் இளைஞர்கள் உதவ வேண்டும். வாடகைதாரர் பற்றிய தனிப் பட்டியல் எதனையும் ஜமாஅத் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் வேலை உதவுவது, கண்காணிப்பதன்று.

நம் முன்னோர் கடல் கடந்து வணிகம் செய்தபோது, அறிமுகமற்ற ஊர்களில் எவரோ ஒருவர் அவர்களுக்குத் திண்ணையும் அறையும் கொடுத்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், பிறகு பாய் விரித்தார். கேட்பதும் கொடுப்பதும் சேர்ந்ததே நம் கரையின் பண்பு. நம் இல்லங்களையும் அவற்றில் குடியிருப்போரையும் வல்ல அல்லாஹ் தீங்குகளிலிருந்து காத்தருள்வானாக! எவருக்கும் அநீதி இழைக்காதவர்களாகவும், எவருடைய அநீதிக்கும் இடங்கொடாதவர்களாகவும் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.